பாஸ் மீன் தூண்டில்: இரை, ராடு, நரம்பு, உத்தி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பாஸ் என்று குறிப்பிடப்படுவது எந்த மீன்?

வட அமெரிக்காவின் ஏரிகளையும் ஆறுகளையும் தாயகமாகக் கொண்ட, மைக்ரோப்டிரஸ் பேரினத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களையே இப்பக்கம் குறிப்பிடுகிறது. கழிமுகங்களில் பிடிபடும் கொடுவாவோடு இவற்றுக்கு நெருங்கிய உறவு கிடையாது. தூண்டில்காரர்கள் பெரிதும் நாடுபவை இரண்டு இனங்கள். பெரிய வாய் பாஸ், பாசியும் மரக்கட்டைகளும் நிறைந்த, ஓட்டமில்லாத வெதுவெதுப்பான நீரை விரும்பும். வாய் மூடியிருக்கும்போது அதன் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். சிறிய வாய் பாஸ், பாறையும் சரளையும் கிடக்கிற, குளிர்ந்து தெளிந்த நீரையும் நீரோட்டத்தையும் விரும்பும்; அதன் தாடை கண்ணைத் தாண்டாது, உடலில் நெட்டுக்குத்தான பழுப்புக் கோடுகள் தெரியும். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெரிய வாய் பாஸும், 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த, அதைவிட ஓர் அவுன்சுக்கும் குறைவாகவே எடை கூடிய மீனும் இன்றுவரை உலகச் சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரணமாகத் தூண்டிலில் ஏறுபவை ஒன்று முதல் மூன்று பவுண்டு வரையிலான மீன்களே. கீழே சொல்லப்படும் அளவுகளும் அவற்றையும் அவற்றைவிடச் சற்றுப் பெரியவற்றையும் மனத்தில் வைத்தே தரப்படுகின்றன.

கடைகளில் நூற்றுக்கணக்கான செயற்கை இரைகள் இருக்கின்றன. தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

மீனிலிருந்து தொடங்க வேண்டும். மீன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எதன் மறைவில் நிற்கிறது, எவ்வளவு வேகமான இரையைத் துரத்தும் நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த நீரில் எந்த நிறம் அதன் கண்ணில் படும் என்பது நான்காவதாகவே வர வேண்டும். முதல் மூன்றுக்கும் ஓரளவு விடை கிடைத்துவிட்டாலே இரைப்பெட்டியில் உள்ளவற்றில் பெரும்பகுதி தானாகக் கழிந்துவிடும். ஐந்து மீட்டர் ஆழத்துப் பாறை முகட்டில், குளிர்ந்த நீரில், அசையாமல் கிடக்கும் மீனுக்கு ஒன்றரை மீட்டர் மட்டுமே மூழ்கும் இரையை எந்த நிறத்தில் காட்டினாலும் பயனில்லை. அல்லி இலைகளுக்கு அடியில் நிற்கும் மீனை, மும்முனை முட்கள் தொங்கும் இரையால் எட்டவும் முடியாது. இரண்டாவது எறிதலிலேயே அது தண்டில் மாட்டிக்கொள்ளும்.

கடை அட்டைகளில் நிறம்தான் முதலில் கண்ணைக் கவர்கிறது, ஆகவே புதியவர்கள் ஒரே இரையைப் பத்து நிறங்களில் வாங்கிவிடுகிறார்கள். அதே பணத்துக்கு ஒரே நிறத்தில், வெவ்வேறு ஆழங்களில் ஓடும் ஐந்து இரைகளை வாங்கியவர், நீரின் மேற்பரப்பிலிருந்து அடித்தளம் வரை எங்கும் தேடிப் பார்க்க முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இதைப் படித்தால் போதும் என்பேன்.

பாஸ் பதுங்கியிருந்து பாயும் மீன் என்பதையும் மறக்கலாகாது. இரண்டு வெவ்வேறு பரப்புகள் சந்திக்கும் விளிம்புகளே அதன் இருப்பிடம்: பாசிப்படுகை முடிந்து திறந்த நீர் தொடங்கும் கோடு, விழுந்து கிடக்கும் மரத்தின் நிழல், படகுத்துறைக் கால்கள், ஆழமற்ற தளம் சரேலென்று இறங்கும் சரிவு, சேறு முடிந்து சரளை தொடங்கும் இடம், ஓடும் நீருக்கும் தேங்கிய நீருக்கும் இடையிலான மடிப்பு. நடு ஏரியில் கண்மூடித்தனமாக எறிவதைவிட இத்தகைய ஒரு விளிம்பைத் தேர்ந்து அதை ஒட்டி எறிவது பன்மடங்கு பலன் தரும்.

முதன்முதலாக வாங்குபவருக்கு எந்தெந்த இரைகள் போதும்?

ஐந்து வகை போதும். முதலாவது, சுமார் 13 சென்டிமீட்டர் நீளமுள்ள, உப்பு கலந்த மென் பிளாஸ்டிக் குச்சிப்புழு. கேரி யமமோட்டோ வடிவமைத்த சென்கோவை ஒட்டி இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஈயம் எதுவும் கோக்காமல் எறிந்தாலும் தன் எடையிலேயே இரு முனைகளும் நடுங்கியபடி மெல்லச் சரியும். அந்தச் சரிவிலேயே மீன் பெரும்பாலும் வாங்கிவிடும். மற்றவற்றைக் காட்டிலும் புதியவருக்கு முதல் மீனைத் தரும் வாய்ப்பு இதற்கே அதிகம். இரண்டாவது, வால் சுருண்ட அல்லது நேரான மென் புழு. டெக்சாஸ் முறையில் கோத்துப் பாசிக்குள்ளும் கட்டைகளுக்கிடையிலும் இழுக்கலாம். மூன்றாவது, இழுக்கும்போது சுழலும் உலோகத் தகடு பொருத்திய, 10 அல்லது 14 கிராம் ஸ்பின்னர்பெய்ட். நான்காவது, ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை மூழ்கும், சதுர உதடு (இரையை நீருக்குள் இறக்கும் முன்தகடு) கொண்ட, சிறுமீன் வடிவக் கடின இரையான கிராங்க்பெய்ட். ஐந்தாவது, நீரின் மேற்பரப்பில் 'பளக்' என்று ஒலியெழுப்பும் பாப்பர் அல்லது பாசிமேல் ஊர்ந்து வரும் ரப்பர் தவளை. நீர்த்தாவரம் அடர்ந்த இடமானால் தவளையையும், திறந்த நீரானால் பாப்பரையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜிக் எங்கே என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். ஈயத் தலையும், இழைப்பாவாடையும், பின்னால் ஒரு மென் பிளாஸ்டிக் இணைப்பும் கொண்ட ஜிக், பெரிய மீன்களைத் தருவதில் தனிச்சிறப்புடையதுதான். ஆனால் அதன் கடியை உணரக் கை பழக வேண்டும். புழுவில் அடித்தளத்தைத் தொட்டறியும் பழக்கம் வந்தபிறகு ஜிக்கைக் கையில் எடுத்தால் ஏமாற்றம் இராது.

டெக்சாஸ் முறையில் புழுவைக் கோப்பது எப்படி?

1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரனில் நிக் க்ரீம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக் புழுவே இவ்வகை இரைகளுக்கு முன்னோடி. அந்தப் புழுவைப் பாசியில் மாட்டாமல் இழுப்பதற்கு இன்றும் மிகச் சிறந்த வழி, முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து வைக்கும் டெக்சாஸ் முறைதான்.

துப்பாக்கிக் குண்டு வடிவ எடையை, கூம்பிய முனை ராடை (தூண்டில் கோலை) பார்க்கும்படி நரம்பில் (தூண்டில் இழையில்) கோத்துவிட்டு, கழுத்து வளைந்த 3/0 அளவு முள்ளைக் கட்டவும். புழுவின் தலை நடுவில் முள்முனையை நேராக நுழைத்து, அரை சென்டிமீட்டர் சென்றதும் பக்கவாட்டில் வெளியே எடுக்கவும். தலை முள்ளின் கழுத்து வளைவில் வந்து அமரும்வரை புழுவைத் தள்ளியபின், முள்ளை அரைச்சுற்றுத் திருப்பினால் முனை புழுவை நோக்கி நிற்கும். இப்போது புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் அடிவளைவு எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் புழுவைச் சற்று மேலே மடித்து முனையைக் குறுக்கே செலுத்தவும். முனை மறுபுறம் வெளிவந்தவுடன், புழுவின் மேல்தோலை மட்டும் மெல்லக் கிள்ளி அதற்குள் முனையைச் செருகிவிட்டால் விரலால் தடவினாலும் முனை குத்தாது.

முடித்தபிறகு புழு கோடு போட்டதுபோல் நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் புடைத்தோ வளைந்தோ இருந்தால், இழுக்கும்போது அது சுழலும், நரம்பு முறுக்கேறும், மீனும் கடிக்காது. அப்படி இருந்தால் முள்முனையை மட்டும் உருவி, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மீண்டும் குத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எவ்வளவு எடை கோக்க வேண்டும்? டங்ஸ்டன் வாங்குவது அவசியமா?

அடித்தளத்தை உணர முடிகிற மிகக் குறைந்த எடையே சரியான எடை. இரண்டு மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், காற்றில்லாத நாளில், 3 முதல் 5 கிராம் போதும். நான்கைந்து மீட்டர் ஆழத்திலும் காற்றிலும் 10 கிராம் வரை தேவைப்படும். நீர்மேல் விரித்த பாய்போலப் படர்ந்த பாசியைத் துளைத்து இறங்க வேண்டுமானால் மட்டும் 30 கிராமுக்கு மேற்பட்ட எடைகள் பயன்படும்.

டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால் அதே எடையில் சிறியதாக இருக்கும்; கடினமானது என்பதால் சரளையில் தட்டினாலும் கட்டையில் உரசினாலும் அந்த அதிர்வு கைக்குத் தெளிவாக வந்துசேரும். விலை கூடுதல்தான். எனினும் ஈயத்தை ஒதுக்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு: நீரடியில் அறுந்துகிடக்கும் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி, வட அமெரிக்க ஏரிகளில் வாழும் லூன் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற மாநிலங்கள் சிறிய ஈய எடைகளையும் ஈயத்தலை ஜிக்குகளையும் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தியுள்ளன. சட்டம் இல்லாத இடத்திலும் சிறு எடைகளை டங்ஸ்டனிலோ எஃகிலோ வாங்குவதே நல்லது.

ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டிங் ரீலா?

ரீல் என்பது ராடில் பொருத்தி நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி; எறியும்போது ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) ஸ்பின்னிங்கில் சுழலாது, பெய்ட்காஸ்டிங்கில் சுழலும். ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் ஸ்பின்னிங். லேசான இரைகளைச் சிக்கலின்றி எறியலாம், காற்றை எதிர்த்தும் எறியலாம், ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ஏறத்தாழ 10 கிராமுக்கு மேற்பட்ட இரைகளையும், தடித்த நரம்பையும், குறி தவறாத எறிதலையும் நாடும்போது பெய்ட்காஸ்டிங் ரீல் தேவைப்படுகிறது. பாஸ் தூண்டிலில் இந்த மூன்றும் அடிக்கடி வருவதால், நெடுநாள் ஈடுபாடு உள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

பெய்ட்காஸ்டிங் ரீலைப் பற்றிய அச்சமெல்லாம் நரம்பு பறவைக்கூடுபோல் சிக்கிக்கொள்வதைப் பற்றியதுதான். இரை காற்றில் வேகம் குறைந்தபின்னும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழல்வதால் அது நிகழ்கிறது. இதைத் தவிர்க்க, எறிவதற்கு முன்பே ரீலை அந்த இரைக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இரையைக் கட்டியபின் ராடைக் கிடையாக நீட்டி, ஸ்பூலை விடுவித்து, கைப்பிடிப் பக்கத்திலுள்ள சிறு திருகை, இரை மெல்லத் தரையிறங்கும் அளவுக்கு இறுக்கவும். இரை தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். மறுபக்கத்திலுள்ள காந்தப் பிரேக்கை அதன் உச்சத்துக்கு அருகில் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொள்ளலாம். எறியும்போது கட்டைவிரல் ஸ்பூலின்மேல் இலேசாக உரசிக்கொண்டிருக்க வேண்டும். இரை நீரைத் தொடும் கணத்தில் விரலை அழுத்தி ஸ்பூலை நிறுத்திவிட வேண்டும். வேறு இரை மாற்றினால் திருகையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ராடின் வலிமை, வளைவு என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அவற்றுக்கு என்ன பொருள்?

ராடு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை வலிமை குறிக்கிறது. மீடியம் என்றால் நடுத்தரம், ஹெவி என்றால் மிகுவலிமை. வளைவு என்பது ராடு எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பதைச் சொல்வது. ஃபாஸ்ட் என்று குறித்த ராடில் நுனி மட்டுமே வளையும். மாடரேட் என்று குறித்ததில் ஏறத்தாழ நடுப்பகுதியிலிருந்தே வளையும்.

புழு, ஜிக் போன்ற ஒற்றை முள் இரைகளுக்கு, ஏழு அடி நீளமுள்ள மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ராடு பொருந்தும். தடித்த முள்ளைப் புழுவின் உடல் வழியாகத் தாடைக்குள் செலுத்த அந்த விறைப்பு தேவை. கிராங்க்பெய்டுக்கு அதற்கு நேர்மாறான ராடு வேண்டும். அதன் மெல்லிய மும்முனை முட்கள் விளிம்பில் மட்டுமே பற்றியிருக்கும். விறைத்த ராடால் வெடுக்கென்று இழுத்தால் அவை கிழித்துக்கொண்டு வந்துவிடும். நடுவிலிருந்து வளையும் ராடு அந்த இழுப்பைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மீனை விடாமல் வைத்திருக்கும். ஒரே ராடால் எல்லாவற்றையும் செய்ய விரும்புபவருக்கு ஏழு அடி மீடியம் ஹெவி ராடே ஏற்றது. தவளையையும், தயங்கும் மீனுக்கான சிறு ஃபினஸ் இரைகளையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் ஓரளவு கையாளலாம்.

எந்த நரம்பு? எத்தனை பவுண்டு?

பவுண்டு என்பது நரம்பு அறாமல் தாங்கும் சுமை. மூன்று வகை நரம்புகளும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை. நைலான் நரம்பு மலிவானது, இழுவைக்கு நீளும், முடிச்சை நன்றாகப் பிடிக்கும், ஃப்ளோரோகார்பனைவிட மிக மெதுவாகவே மூழ்கும். பாப்பர் போன்ற மேற்பரப்பு இரைகளுக்கு 12 முதல் 15 பவுண்டு நைலான் பொருத்தம். ஃப்ளோரோகார்பன் நீரைவிட மிகவும் அடர்த்தியானது என்பதால் மூழ்கும், பாறையில் உரசினாலும் தாங்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.42, நீருடையது 1.33, நைலானுடையதோ 1.5க்கும் மேல், ஆகவே நைலானைவிட இது மீனின் கண்ணுக்குக் குறைவாகவே படும். புழுவுக்கும் ஜிக்குக்கும் 14 முதல் 17 பவுண்டும், கிராங்க்பெய்டுக்கு 10 முதல் 12 பவுண்டும் எடுத்துக்கொள்ளலாம். மூழ்கும் தன்மையால் மேற்பரப்பு இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் ஃப்ளோரோகார்பன் கூடாது.

பின்னல் நரம்பு சிறிதும் நீளாது, மிதக்கும், அதே தடிப்பில் மற்றவற்றைவிடப் பலமடங்கு வலுவானது. அடர்ந்த பாசியில் தவளையை ஓட்டுவதற்கு 50 முதல் 65 பவுண்டு பின்னல் நரம்பைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மீனோடு சேர்த்து இரண்டு கிலோ பாசியும் வரும்போது மற்ற நரம்புகள் கைவிட்டுவிடும். ஸ்பின்னிங் ரீலில் 10 முதல் 15 பவுண்டு பின்னலைச் சுற்றி, அதன் முனையில் இரண்டு மூன்று மீட்டர் 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனை இணைத்துக்கொள்வது தெளிந்த நீருக்கு மிக நல்ல ஏற்பாடு.

முடிச்சு எது?

பாலமர் முடிச்சு ஒன்றைக் கற்றால் முள்ளையும் பெரும்பாலான இரைகளையும் கட்டிவிடலாம். இரண்டு நரம்புகளை இணைக்க இரட்டை யூனி முடிச்சு. இறுக்குவதற்கு முன் முடிச்சைக் கட்டாயம் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூடு ஃப்ளோரோகார்பனை அந்த இடத்திலேயே பலவீனமாக்கிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை மீட்டர் நரம்பை விரல்களுக்கிடையில் உருவிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டி மறுபடி கட்ட வேண்டும்.

பருவத்துக்கு ஏற்ப உத்தியை எப்படி மாற்றுவது?

நாட்காட்டியைவிட நீரின் வெப்பநிலையை நம்பலாம். பாஸ் குளிர் இரத்த உயிரி; நீர் குளிரும்போது அதன் செரிமானமும் வேகமும் குறைந்துவிடும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இரை மீனின் முகத்துக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஜிக்கை அங்குல அங்குலமாக நகர்த்தலாம்; அல்லது நீரின் நடுவில் மிதந்து நிற்கும் ஜெர்க்பெய்டை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துவிட்டுப் பத்து நொடிக்கு மேலும் அசைக்காமல் வைத்திருக்கலாம். கடி பெரும்பாலும் அந்த அசையாத நேரத்தில்தான் விழும். பொறுமையற்றவர்களுக்குக் குளிர்காலம் பலன் தராததற்கு இதுவே காரணம்.

10 டிகிரியைத் தாண்டி நீர் சூடேறத் தொடங்கியதும், முட்டையிடுவதற்கு முன்னதாக மீன்கள் ஆழத்திலிருந்து கரையோரத் தளங்களை நோக்கி நகர்ந்து ஆவலாக இரை தேடும். ஆண்டின் பெரிய மீன்கள் பிடிபடும் காலம் இது. உதடில்லாத கிராங்க்பெய்டை, முளைத்துவரும் பாசியின் தலையை உரசுமாறு ஓட்டி, அது பாசியில் தட்டும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்து விடுவித்தால், விடுபடும் அந்த நொடியில் அடிக்கும். 15 முதல் 18 டிகிரியில் பெரிய வாய் பாஸ், மணலும் சரளையும் கலந்த ஆழமற்ற இடங்களில் கூடமைக்கத் தொடங்கும். முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பது ஆண் மீன். அதைப் பிடித்து அகற்றினால் புளூகில் போன்ற சிறு மீன்கள் சில நிமிடங்களிலேயே கூட்டைச் சூறையாடிவிடும். கூட்டின்மேல் நிற்கும் மீனைத் தூண்டிவிட்டுப் பிடிப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் அந்தச் சில வாரங்கள் கூடுகளை விட்டு விலகித் தூண்டில் போடுவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

கோடையில் விடியலிலும் அந்தியிலும் மேற்பரப்பு இரைகள். வெயில் ஏறியதும் நிழலும் ஆழமும். பல ஏரிகளில் கோடையின்போது மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் கலக்காமல் அடுக்காகப் பிரிந்து நிற்கும். கீழடுக்கில் பிராணவாயு குறைந்துவிடுவதால், அந்த எல்லைக்குக் கீழே இரையை இறக்குவது வீண். எல்லைக்கு மேலுள்ள சரிவுகளிலும் முகடுகளிலும் ஆழத்தில் ஓடும் கிராங்க்பெய்டும் கனத்த புழுவும் வேலை செய்யும். இலையுதிர் காலத்தில் ஷாட் போன்ற சிறுமீன் கூட்டங்கள் ஏரியின் கிளைகளுக்குள் நகரும், பாஸும் பின்தொடரும். அப்போது வேகமாக ஓடும் ஸ்பின்னர்பெய்டும் கிராங்க்பெய்டும் பரந்த நீரை விரைவாகத் துழாவ உதவும்.

நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

தெளிந்த நீரில் இயற்கையை ஒத்த நிறங்கள்: கரும்பச்சை கலந்த பழுப்பு, ஒளி ஊடுருவும் பச்சை, வெள்ளி. கலங்கிய நீரில் நிழலுருவம் பளிச்சென்று தெரியும் கறுப்பும் கருநீலமும், அல்லது கண்ணைக் குத்தும் மஞ்சட்பச்சை. இரவில் கறுப்பு. இவ்வளவு தெரிந்தாலே நெடுங்காலம் ஓட்டலாம்.

கலங்கல் அதிகமானால் நிறத்தைவிட அதிர்வே முக்கியமாகிறது. பாஸின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு, அருகில் நகரும் பொருள் நீரில் எழுப்பும் அலைவை உணரும். ஸ்பின்னர்பெய்டில் வட்டமான கொலராடோ தகடு மெல்ல இழுத்தாலும் கனத்த அதிர்வைத் தருவதால் கலங்கிய நீருக்கும் இரவுக்கும் உரியது; நீண்ட வில்லோ தகடு அதிர்வு குறைவாகவும் மினுக்கம் அதிகமாகவும் தருவதால் தெளிந்த நீரில் வேகமாக ஓட்ட உரியது.

கிராங்க்பெய்டை வெறுமனே சுற்றி இழுத்தால் போதாதா?

போதாது. எதிலும் முட்டாமல் ஓடிவரும் கிராங்க்பெய்டைப் பின்தொடர்ந்து வரும் மீன், பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கட்டையிலோ கல்லிலோ உதடு முட்டி, இரை சட்டென்று பக்கவாட்டில் துள்ளும்போதுதான், தப்பியோடும் சிறுமீன் என்று எண்ணி அது பாய்கிறது. ஆகவே ஓடும் ஆழம் நீரின் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ள கிராங்க்பெய்டைத் தேர்ந்து, அடித்தளத்தைக் கிளறிக்கொண்டு வரும்படி ஓட்ட வேண்டும். சதுர உதடு கட்டையில் முட்டியதும் இரையைப் புரட்டிவிடுவதால் முட்கள் மாட்டுவது குறையும். முட்டியதை உணர்ந்தவுடன் சுற்றுவதை அரை நொடி நிறுத்தினால் இரை மிதந்து விடுபடும். நரம்பு மெல்லியதாக இருந்தால் அதே இரை கூடுதல் ஆழத்துக்குச் செல்லும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடியை எப்படி அறிவது? எப்போது வெட்டி இழுப்பது (முள் தைக்க ராடை வெடுக்கென்று வீசுவது)?

புழுவிலும் ஜிக்கிலும் கடி என்பது பெரும்பாலும் 'டக்' என்ற ஒரே ஒரு தட்டல். சில நேரங்களில் அதுவும் இராது. நரம்பு பக்கவாட்டில் நகரும், அல்லது இறங்கிக்கொண்டிருந்த இரை அடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும், அல்லது கையிலிருந்த எடை மாயமாகிவிடும். ஆகையால் இரை இறங்கும்போது நரம்பு நீரைத் தொடும் இடத்தின்மேல் கண் இருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் ராடைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, அழுத்தமாக மேலே வீச வேண்டும்.

எல்லா இரைக்கும் இது பொருந்தாது. மும்முனை முட்களுள்ள இரைகளில் வெட்டி இழுக்காமல் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் மீன் தானே மாட்டிக்கொள்ளும். தவளையில்தான் பெரும்பாலோர் மீனை இழக்கிறார்கள்: பாசி வெடித்துச் சிதறும் காட்சியைக் கண்டதும் கை தன்னையறியாமல் இழுத்துவிடுகிறது, மீனின் வாய்க்கு வெளியே தவளை பறந்துவருகிறது. சத்தத்துக்கு இழுக்காமல், மீனின் கனம் நரம்பில் தெரியும்வரை காத்திருந்து, பிறகு முழு வலிமையோடு இழுக்க வேண்டும்.

மீன் இருப்பது தெரிகிறது, ஆனால் எதையும் தொடவில்லை. என்ன செய்வது?

இரையைச் சிறிதாக்கி, வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கென்றே வளர்ந்தவை ஃபினஸ் உத்திகள். டிராப் ஷாட் முறையில் எடை நரம்பின் நுனியிலும், சிறு முள்ளும் புழுவும் அதற்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் மேலேயும் இருக்கும். எடை தரையில் நிற்க, புழு மீனின் கண்மட்டத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். நெட் ரிக் என்பது காளான் வடிவச் சிறு ஜிக் தலையில் ஏழு சென்டிமீட்டர் புழுத்துண்டைக் கோப்பது. மிதக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் தரையில் வால் நிமிர்ந்து நிற்கும். கேன்சஸைச் சேர்ந்த நெட் கெடியின் பெயரைத் தாங்கிய இந்த எளிய அமைப்பு, சிறிய வாய் பாஸுக்கு மிக நன்றாகப் பொருந்தும். வாக்கி முறையில் குச்சிப்புழுவின் நடுவில் முள்ளைக் குறுக்கே குத்தி, எடையின்றி இறங்கவிட வேண்டும்; படகுத்துறை நிழலில் இதற்கு இணை குறைவு.

மூன்றுக்கும் ஸ்பின்னிங் ராடும் மெல்லிய ஃப்ளோரோகார்பன் முனையும் தேவை. மூன்றிலும் புதியவர்கள் தேவைக்கு மேல் ஆட்டிவிடுகிறார்கள். ஒரு தடவை அசைத்துவிட்டு, மெதுவாகப் பத்து வரை எண்ணும் பொறுமை வேண்டும்.

பிடித்த மீனை விடுவிப்பதாக இருந்தால் எப்படிக் கையாள்வது?

மீன் நீரில் இருக்கும்போதே இடுக்கியையும் கேமராவையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும், ஏனெனில் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உலர்ந்த கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சிறு மீனைக் கீழுதட்டைப் பிடித்து நெட்டாகத் தூக்கலாம். பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடையாகச் சாய்த்தால் தாடை மூட்டு சேதமாகும். மற்றொரு கையால் வயிற்றைத் தாங்கியே ஆக வேண்டும். முள் தொண்டைக்குள் ஆழமாக இறங்கி எளிதில் எடுக்க முடியாமற்போனால், பிய்த்து இழுக்காமல் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிடுவதே மீன் பிழைக்கும் வழி. ஆழமான நீரிலிருந்து விரைந்து மேலேற்றப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பிக்கொள்ளும், அதனால் அது மீண்டும் மூழ்க முடியாமல் தத்தளிக்கும். பிடித்ததை விட்டுவிடும் எண்ணமுள்ளவர், பத்து மீட்டருக்கும் ஆழமான இடங்களைக் கோடையில் தவிர்ப்பது நல்லது.

விதிகளில் கவனிக்க வேண்டியவை எவை?

உரிமம், குறைந்தபட்ச நீளம், நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை, மூடிய பருவம் ஆகியவை ஒவ்வொரு நீர்நிலைக்கும் மாறும். புறப்படுமுன் பார்த்துவிட வேண்டும். எல்லா இடங்களிலும் பிடித்த மீனை விடுவதே சட்டம் என்றும் எண்ணிவிடக் கூடாது. பீவா ஏரி அமைந்துள்ள ஜப்பானின் ஷிகா மாநிலத்தில், பாஸ் அயல் இனம் என்பதால், பிடித்ததைத் திரும்ப நீரில் விடுவதே தடைசெய்யப்பட்டுள்ளது. இதன் காரணம் எளிது: பாஸ் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும் மீன், அதை அறியாத நீரில் அதை விட்டால் அங்குள்ள சிறு மீனினங்கள் அழியும். உயிருள்ள பாஸை ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச்செல்வதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யலாகாது. படகின் அடியிலும் ரீலிலும் ஒட்டிய பாசித்துணுக்குகளையும் அகற்றிவிட்டே அடுத்த ஏரிக்குச் செல்ல வேண்டும். கிழிந்த பிளாஸ்டிக் புழுக்களை நீரில் எறிவதும் கூடாது. மீன்கள் விழுங்கினால் அவை செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

இரைகளையும் கருவிகளையும் எப்படிப் பேணுவது?

மென் பிளாஸ்டிக் இரைகளை அவற்றின் சொந்தப் பைகளிலேயே வைக்க வேண்டும். வெவ்வேறு நிறங்கள் ஒன்றோடொன்று சாயம் ஏறிவிடும். மிதக்கும் தன்மையுள்ள நெகிழ் பிளாஸ்டிக்கை வழக்கமான பிளாஸ்டிக்கோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். நனைந்த கிராங்க்பெய்டைப் பெட்டியில் போட்டு மூடினால் அதன் முட்களோடு பக்கத்திலுள்ளவையும் துருப்பிடிக்கும், எனவே உலர்ந்தபின் வைக்கவும். முள்ளின் கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் சோதிக்கலாம்: நகத்தின்மேல் இலேசாக வைத்து இழுக்கும்போது வழுக்கினால் மழுங்கிவிட்டது, பற்றி நின்றால் போதுமான கூர்மை இருக்கிறது. நாளின் முடிவில் ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) தளர்த்தி வைத்தால், உள்ளே இருக்கும் வட்டுகள் அழுந்திக் கெடாமல் நெடுநாள் சீராக இழுக்கும்.